கழித்துப் போட்ட இடம்

தன் காது கெட்டுப்போய்விட்டது என்றுதான் சின்னவர் முதலில் நினைத்தார்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு ஆள் ஆழத்துக்கு இறங்கி ஏறுகிற மனிதர் அவர். அந்தத் தொழிலில் காது போவது புதிதல்ல. கரையில் அவர் வயதுக்காரர்கள் பாதிப் பேர் பேசும்போது கத்துவார்கள், அல்லது எதிராளியைக் கத்த வைப்பார்கள்.

சின்னவரின் தொழில் கூடு வைப்பது. கம்பி வலையில் முடைந்த பெட்டி. ஒரு பக்கம் வாய் இருக்கும், உள்ளே போன மீனுக்குத் திரும்பும் வழி தெரியாது. அதைக் கடலடியில் பாறை இடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கரையிலிருந்து முக்கால் மணி நேரம் துடுப்புப் போட்டால் ஒரு பாறைத் திட்டு வரும். பார் என்பார்கள். பாறையும் பவளமும் கலந்து ஒரு தெரு நீளத்துக்குத் தண்ணீருக்கடியில் கிடந்தது அது. மேலே இருந்து பார்த்தால் தண்ணீரின் நிறம் சற்று மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் துடுப்பின் அடியைத் தண்ணீரில் விட்டு, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் கீழே சட்டியில் என்னவோ பொரிகிறது போல் படபடவென்று கேட்கும். சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம். அது அடர்த்தியாகக் கேட்கிற இடத்தில் கூட்டை இறக்கினால் மீன் விழும். சின்னவரின் கடல் கணக்கு அதுதான்.

பல மாதம் வேறு பக்கம் கூடு வைத்துவிட்டு இந்தப் பாருக்குத் திரும்பிய ஒருநாள் காலை அவர் துடுப்பைக் காதில் வைத்தார். கேட்கவில்லை. மறு காதில் வைத்தார். அதிலும் கேட்கவில்லை. படகின் பின்பக்கம் இருந்த அண்ணனிடம் துடுப்பைக் கொடுக்காமல், வாயைத் திறக்காமல், வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்.

அவள்தான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவளை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முடிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். கடல்பாசி கட்டுகிற பெண்களிலேயே வேகமாக முடிச்சுப் போடுகிறவள். பட்டப்பெயர் தொழிலில் வந்தது, வாய்க்கும் பொருந்தியது. அவள் பேச ஆரம்பித்தால் அவிழ்ப்பது கஷ்டம்.

டாக்டர் சின்னவரின் தலையில் எதையோ மாட்டினார், ஒலி எழுப்பினார், கையைத் தூக்கச் சொன்னார். கடைசியில் கருவியைக் கழற்றிவிட்டு, “உங்க காது பச்சப்பிள்ளை காது மாதிரி இருக்குங்க. ஒரு குறையும் இல்ல” என்றார்.

“அப்படியா டாக்டர்?” என்றாள் முடிச்சு. “நான் சொல்றது மட்டும் விழவே மாட்டேங்குதே.”

“அதுக்கு இங்க மருந்து இல்லம்மா.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“என்னங்க, நல்ல சேதிதானே சொன்னாரு?”

“காது நல்லா இருக்குன்னா,” என்றார் சின்னவர், “அப்போ பார்தான் சரியில்ல.”

மறுநாள் அண்ணனும் தம்பியும் போனார்கள். எப்போதும் ஒரே படகுதான் இருவருக்கும். அண்ணனை ஊர் பெரியவர் என்று கூப்பிடும். தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார், பெரியவர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் கயிறு பேசும். ஒரு இழுப்பு என்றால் சரி. இரண்டு என்றால் தூக்கு. ஒன்றுமே இல்லாவிட்டாலும் பெரியவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். நூற்றைம்பதைத் தாண்டினால் கேட்காமலே தூக்கிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் நாலு தடவை அப்படித் தூக்கியிருக்கிறார். நாலு தடவையும் தம்பி மேலே வந்து திட்டியிருக்கிறார். இரண்டு தடவை அந்தத் திட்டு நன்றிதான்.

அன்று சின்னவர் நாற்பது எண்ணுவதற்குள் மேலே வந்துவிட்டார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னாராம்:

“அண்ணே, யாரோ போர்வையை இழுத்துப் போத்தி விட்ட மாதிரி இருக்கு. முகத்தையும் சேத்து.”

போர்த்தியிருந்தது பாசி.

அந்தக் கடலில் பிறந்த பாசி இல்லை அது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி கொண்டுவந்தது. வழவழவென்று, விரல் விரலாகக் கிளைவிட்டு, கையில் எடுத்தால் ரப்பர் போல் வளையும். காயவைத்து வெளியூருக்கு அனுப்பினால் ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டிப்படுத்த உதவும் என்றார்கள். விதை வேண்டாம். உரம் வேண்டாம். ஒரு துண்டைக் கயிற்றில் கட்டி மூங்கில் மிதவையில் தொங்கவிட்டால் நாற்பத்தைந்து நாளில் ஒரு துண்டு ஒரு கூடையாகும். ஆண்கள் மிதவை கட்டினார்கள், பாசி தொங்கியதும் அதைப் பாருக்கு அப்பால் இழுத்துப்போய் நங்கூரமிட்டார்கள். பெண்கள் பாசி கட்டினார்கள். பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துணி சுற்றி, கழுத்தளவு தண்ணீரில் நின்று நாளெல்லாம் முடிச்சு. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிடும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் எரியும். ஆனாலும் அவர்கள் கையில் முதன்முதலாகத் தங்கள் உழைப்பு என்று சொல்ல ஒன்று இருந்தது. முடிச்சு வீட்டில் சிமென்ட் தரை வந்தது அந்தப் பாசியில்தான்.

சின்னவர் பாரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே அண்ணன் தம்பிக்குள் வாய் வளர்ந்தது. வலை காயப்போடும் தகரக் கொட்டகையில் வைத்து.

“போன வருஷப் புயல்ல யாரோட மிதவை அறுந்துச்சு?” என்றார் சின்னவர்.

“எல்லாரோடதும்தான் ஆடுச்சு.”

“அறுந்தது யாரோடது? பத்து மிதவை. உங்களோடது. ரெண்டு நங்கூரம் போடுங்கன்னு நான் சொன்னேனா இல்லையா? ஒண்ணு போதும்னு சொன்னது யாரு?”

“டேய், புயலுக்கு ரெண்டு என்ன, நாலு போட்டாலும் அறுக்கும்.”

“மத்தவங்களோடது அறுக்கலயே.”

“அதுக்கு நான் என்னடா பண்ணணும்? போய்ப் பாரோட கால்ல விழணுமா?”

“விழுந்தாலும் அதுக்குத் தெரியப்போறதில்ல. மூடிக்கெடக்கு.”

பெரியவர் எழுந்துகொண்டார். இடுப்புக் கயிற்றைச் சுற்றி, தம்பியின் காலடியில் வைத்தார். “அப்போ நான் பிடிக்கிற கயிறு உனக்கு வேண்டாம். நல்ல நங்கூரமாப் பாத்துக் கட்டிக்க.”

பேச்சு அன்றோடு நின்றது. முடிச்சு முதல் வாரம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பி சண்டை, நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஐந்தாம் நாள் பீடிக்கு நெருப்புக் கேட்கிற சாக்கில் சேர்ந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். ஐந்தாம் நாள் சின்னவர் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டி, மறு நுனியைப் படகின் குறுக்குக் கட்டையில் கட்டிக்கொண்டார். கட்டைக்கு எண்ணத் தெரியாது.

அவர் கூடு வைக்கப் போகவில்லை. பாசியைப் பிய்க்கப் போனார். காற்று வரும் பக்கத்திலிருந்துதான் புயல் மிதவைகளைக் கொண்டுவந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, பாரின் அந்தக் கோடியில் இறங்கினார். வெறுங்கையால் கொத்துக் கொத்தாகப் பிய்த்து, நீரோட்டத்தில் விட்டுவிட்டு, மூச்சு முட்டியதும் மேலே வந்து, மறுபடி இறங்கி. மாலையில் கண்கள் சிவந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்து வீட்டுக்கு வருவார். சாப்பிடும்போது பேசுவார். அதற்கு முன்னால் அவ்வளவு பேசுகிற மனிதர் இல்லை அவர்.

“ஒரு களவா மீன் இருந்துச்சு தெரியுமா? இவ்வளவு பெருசு. பொந்துல இருந்து தலைய மட்டும் நீட்டிப் பாக்கும். பத்து வருஷமா அத நான் பிடிக்கல, அதுவும் என்னைக் கண்டு ஓடாது.”

“சொல்லியிருக்கீங்க.”

“இப்போ பொந்து மூடிடுச்சு. அந்தக் களவா பொந்து இருந்த எடத்துக்கு மேல நிக்குது. இன்னைக்கும் நிக்குது. வேற பக்கம் போகமாட்டேங்குது. நான் பக்கத்துல போனா என்னையே பாக்குது.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “பேய் வீட்டுக்குப் பயந்ததில்ல நான். ஆனா இது எப்படியிருக்குன்னா, ஒரு வீட்டுக்குப் போறோம், கதவு திறந்திருக்கு, சாமான் எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கு, கூப்பிட்டா ஆள் இல்ல. அப்படி இருக்கு.”

பகலில் கடலுக்குப் போகாத நேரம் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. கொல்லையில் தண்ணீர் பிடித்துவைத்திருக்கும் பெரிய நீல டிரம்மில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். முதல் தடவை பார்த்தபோது முடிச்சு, “என்ன, ஃபோன் வருதா?” என்று கேட்டாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவர் தரையில் படுத்து சிமென்டில் காதை வைத்திருந்தார். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தவள், அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சண்டை நடந்து இரண்டு மாதம் ஆகப்போகிற அந்த வாரம்தான் மீன்வளத் துறையிலிருந்து ஆபீஸர் அம்மா வந்தார். சின்ன வயது, கண்ணாடி, கையில் சுருட்டிய வரைபடம். பாசி காயவைக்கும் தளத்தில் பெண்களை எல்லாம் உட்கார வைத்துப் பேசினார். முடிச்சும் அவள் ஓர்ப்படியாளான பெரியவர் மனைவியும் வழக்கம்போல ஒன்றாக உட்கார்ந்தார்கள். கணவர்கள் பேசாவிட்டாலும் இவர்கள் பேச்சு நிற்கவில்லை. நாலு வருடமாக ஒரே கயிற்றின் இரண்டு நுனியில் நின்று பாசி கட்டியவர்கள்.

“இந்தப் பாசி விதை போட்டுப் பரவாதும்மா,” என்றார் ஆபீஸர். “துண்டுலதான் பரவும். ஒரு விரல் அளவு துண்டு பாறையில தங்கிட்டா போதும், பிடிச்சுக்கும். அதனாலதான் யாரும் கடலுக்குள்ள போய்க் கையால பிய்க்கக் கூடாது. பிய்க்கும்போது நூறு துண்டு சிதறும். நூறும் நூறு எடத்துல முளைக்கும்.”

முடிச்சு திரும்பிக் கடலைப் பார்த்தாள். காலையில் படகைத் தள்ளிக்கொண்டு போனவரை நினைத்தாள்.

ஆபீஸர் வரைபடத்தைத் தரையில் விரித்து நாலு கல்லை வைத்தார். பார் நீளமாக வரைந்திருந்தது. பச்சை மையில் பாசி. “எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இல்ல, பாருங்க. காத்துப் பக்கம் மெலிசாத்தான் இருக்கு. சமீபத்துல வந்தது. தடிமனா, பழசா இருக்கிறது இந்த உள்பக்கம். காத்து அடிக்காத எடம். இங்கதான் முதல்ல விழுந்திருக்கு. இது சரியா எந்த எடம்னு தெரிஞ்சா அங்கயிருந்து வேலைய ஆரம்பிக்கலாம். யாருக்காவது தெரியுமா?”

முடிச்சு அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தாள். பக்கத்தில் ஓர்ப்படியாளின் முழங்கை அவள் விலாவில் ஒருமுறை இடித்தது.

கம்பெனியின் கொள்முதல் கொட்டகையில் எடைக்காரர் ஒருவர் இருந்தார். வெளுத்த கிளை ஒன்று கூடையில் கிடந்தாலும் மொத்தக் கூடையையும் கவிழ்த்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். அதனால் அறுவடை முடிந்ததும் பெண்கள் வழியிலேயே கழித்துவிடுவார்கள். வெளுத்தது, சொத்தை, குட்டையானது எல்லாவற்றையும் ஒடித்து ஒடித்துப் படகுக்கு வெளியே போடுவார்கள். கழிவைக் கரைக்குக் கொண்டுவந்து குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று முதல் வருடம் கம்பெனி காட்டிய தாளில் எழுதியிருந்தது. ஈரப் பாசியை யார் கூடுதலாகச் சுமப்பது? கொல்லையில் போட்டால் ஈ மொய்க்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். கடலில் வந்தது கடலுக்கே போகட்டும் என்று விட்டார்கள். கழிக்கும்போது படகு ஆடக் கூடாது. ஆடாத இடம் ஒன்று வேண்டும். பாரின் உள்பக்கம், காற்று அடிக்காத ஓரத்தில், தண்ணீர் தட்டில் ஊற்றியது போல் நிற்கும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தவள் முடிச்சுதான். “இங்க பாருக்கா, கழுத்து வலிக்காம உக்காந்து வேலை பாக்கலாம்” என்று அவள்தான் நங்கூரத்தைப் போடச் சொன்னாள். மூன்று வருடம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. பாட்டும் பேச்சும் சிரிப்புமாக. அவர்கள் வேலையிலேயே சுகமான நேரம் அது.

தண்ணீர் ஆடாத இடத்தில் போட்டது அங்கேயே தங்கும் என்பது அன்று அவள் மூளையில் உறைக்கவில்லை. வெளுத்த கிளையின் நுனியில் அரை அங்குலம் உயிர் இருக்கும் என்பதும்.

கூட்டம் கலைந்து போகும் வழியில் ஓர்ப்படியாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வாயத் திறக்காதடி.”

“அக்கா, உங்க வீட்டுக்காரர் மேலதான பழி விழுந்திருக்கு?”

“விழட்டும். அவரு சுமப்பாரு. புயல் மேல போட்ட பழி அது, நாலு மாசத்துல ஆறிடும். நம்ம மேல விழுந்தா ஆறுமா? ஊருக்கே சோறு போட்ட பாரை பொம்பளைங்க சேந்து கெடுத்துட்டாங்கன்னு நம்ம பிள்ளைங்க காலம் வரைக்கும் பேசுவானுங்க. கட்டுற வேலையும் போயிடும்.”

“அவரு தனியா இறங்குறாருக்கா.”

“உன் வீட்டுக்காரருக்குத்தான் அறிவு வேணும். ஒரு ஆளக் கூட்டிட்டுப் போகச் சொல்லு.”

“யாரும் வரமாட்டேங்கறாங்க. அவருக்கு மண்டையில என்னமோ ஆயிடுச்சுன்னு சொல்றாங்க.”

ஓர்ப்படியாள் கையை விட்டாள். கொஞ்சம் தணிந்த குரலில், “தெரியாமத்தானடி செஞ்சோம்” என்றாள்.

“ஆமாக்கா. இப்போ தெரிஞ்சுபோச்சு.”

அன்று சாயங்காலம் அவள் கணவனிடம், கையால் பிய்க்கக் கூடாதாம், சிதறுமாம் என்று சொல்லிப் பார்த்தாள். “அந்தப் பொண்ணு படத்துல பாத்திருக்கு. நான் நேர்ல பாக்கறேன்” என்றார் அவர். அதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் காய் நறுக்க உட்கார்ந்தாள். பாதி நறுக்கியபோதுதான் கவனித்தாள்: காம்பைக் கிள்ளிக் கிள்ளி இடது பக்கம் எறிந்துகொண்டிருந்தது கை. தரையெல்லாம் காம்பு. படகில் இடது பக்கம்தான் எப்போதும் உட்காருவாள். அன்றிலிருந்து அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பல் விளக்கும்போது, தலை பின்னும்போது, சும்மா இருக்கும்போது. அது தன் பாட்டுக்கு எதையோ ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் அந்தத் துண்டுகள் தண்ணீரில் மெதுவாக, திரும்பித் திரும்பி இறங்கின. இறங்கி உட்கார்ந்து விரல் நீட்டின.

நாலாம் நாள் மதியம் சின்னவர் கரைக்கு வந்தபோது படகு கோணலாக வந்தது. முடிச்சு ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்து மார்பில் காய்ந்திருந்தது. இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. கயிறு பழைய கூட்டுல மாட்டிக்கிச்சு. பாசிக்கடியில கூடு கெடந்தது தெரியல.” மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். “கத்தி இருந்துச்சு, அறுத்துட்டேன். மீன் மாட்டுற மாதிரி மாட்டிக்கிட்டேன், பாத்துக்க.”

அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, படுக்க வைத்தாள். அவர் கண் அயர்ந்ததும் காலில் செருப்புக்கூட இல்லாமல் பெரியவர் வீட்டுக்கு நடந்தாள். உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை.

பெரியவர் வாசலில் உட்கார்ந்து கூட்டுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். தொழிலுக்குப் போகாவிட்டாலும் கை சும்மா இருக்காது அவருக்கு.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஓர்ப்படியாள் கதவோரம் வந்து நின்றாள். “வேண்டாம்டி” என்றாள் அங்கிருந்தே.

முடிச்சு சொன்னாள். அக்கா என்ற வார்த்தையே வராமல், நான் நான் என்று சொன்னாள். இடத்தைக் காட்டியது நான், நங்கூரம் போட்டது நான், ஒடித்துப் போட்டது நான். பெரியவர் கம்பியை வளைப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் கம்பியைக் கீழே வைத்தார்.

“நீ மட்டும் ஒரு ஆளா படகு நிறைய கழிச்சியா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுத் திரும்பிக் கதவோரம் பார்த்தார். ஓர்ப்படியாள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

“தெரிஞ்சு நாலு நாளா ஒரே வீட்டுல இருக்கோம்,” என்றார் மனைவியிடம். “பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடுறோம். நீதான் பரிமாறுற. ரெண்டு மாசமா நங்கூரத்த நினைச்சு நினைச்சு நான் பாதி ஆளாயிட்டேன்டி.”

“பயமா இருந்துச்சு,” என்றாள் அவள்.

“மாமா, அதெல்லாம் அப்புறம்,” என்றாள் முடிச்சு. “இன்னைக்கு அவருக்கு மூக்குல ரத்தம். கயிறு மாட்டி அறுத்துட்டு வந்திருக்காரு. நாளைக்கும் போவாரு. நான் சொன்னா கேக்கமாட்டாரு. உங்க கயிறு வேணும்.”

பெரியவர் எழுந்தார். சட்டையைத் தேடவில்லை. ஆணியில் மாட்டியிருந்த புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் வந்தபோது சின்னவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“எதுக்கு வந்தீங்க? நங்கூரம் விக்கவா?”

“ஒம் பொண்டாட்டி ஒண்ணு சொல்லணுமாம். நான் கேட்டுட்டேன். நீ கேளு. நான் வெளிய நிக்கறேன்.”

“நீங்களும் இருங்க மாமா,” என்றாள் முடிச்சு. தனியாகச் சொல்ல அவளால் முடிந்திருக்காது.

இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று வழியில் நினைத்திருந்தாள். இல்லை. இந்த முறை ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முகம் எதிரே இருந்தது. கழித்த இடத்தைச் சொன்னபோது அந்த முகத்தில் கண்கள் மட்டும் அசைந்தன. அவர் மனதுக்குள் பாரின் மேல் போய்க்கொண்டிருந்தார், அந்த இடத்தைத் தேடி.

“அந்த உள்பக்கமா?” என்றார். “வாய் மாதிரி குழிவா இருக்குமே, அங்கயா?”

“மேல இருந்து எனக்குக் குழி தெரியாதுங்க. தண்ணி ஆடாது. அது தெரியும்.”

“எவ்வளவு நாளா?”

“மூணு வருஷம்.”

“அப்போ நான் பிய்ச்சு விட்டதெல்லாம்...” அவர் தன் வெடித்த விரல்களைப் பார்த்தார். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அது பாரின் நல்ல பக்கத்துக்குப் போகிறது.

அவர் திட்டியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அடித்திருந்தால் பெரியவர் தடுத்திருப்பார். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் வீட்டில் சத்தமே இல்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார். தண்ணீர் வைத்தால் குடித்தார். ஒரு வார்த்தை இல்லை. சொல்லுக்குச் சொல் முடிச்சுப் போடுகிறவள், எதிர்நுனியைப் பிடிக்க ஆளில்லாமல் நின்றாள். டிரம்மில் காதை வைக்கும் அந்த மனிதரை இப்போது அவள் புரிந்துகொண்டாள்.

அவளாகவே ஆபீஸர் அம்மாவிடம் போய் இடத்தைச் சொன்னாள். தளத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். ஒருத்தி, “பெரிய உத்தமி” என்று எச்சில் துப்பினாள். சற்றுத் தள்ளி ஓர்ப்படியாள் நின்றிருந்தாள். கொஞ்சம் தயங்கி, வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஆபீஸர் நெருக்கக் கண்ணி வலையில் தைத்த பைகள் கொடுத்தார். முதலில் கொத்தின் மேல் பையைக் கவிழ்க்க வேண்டும். அப்புறம்தான் பிடி இருக்கும் இடத்தில் கத்தியை விட்டுப் பெயர்க்க வேண்டும். பையின் வாயை அங்கேயே கட்டி, மேலே கொண்டுவந்து, கரையில் அலை தொடாத இடத்தில் காயப்போட வேண்டும். ஒரு துண்டு சிந்தக் கூடாது.

“எல்லாத்தையும் எடுத்துட்டா பார் பழையபடி ஆயிடுமா?” என்று பெரியவர் கேட்டார்.

“சொல்ல முடியாதுங்க. அடியில செத்துப்போனது செத்ததுதான். மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம்.”

நாலாம் நாள் காலை மூன்று பேரும் படகில் ஏறினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. இடத்தைக் காட்ட ஆள் வேண்டும் என்று அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். சின்னவர் இறங்கு என்று சொல்லவில்லை. வானம் மூடிக் கிடந்தது. காற்று இல்லை. முக்கால் மணி நேரமும் துடுப்புச் சத்தம்தான்.

கரையில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியையும் தனிப் பனை ஒன்றையும் கண்ணால் நேர்கோட்டில் வைத்து, அவள் “இங்கதான்” என்றாள். மூன்று வருடமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம். குனிந்து பார்த்தாள். அந்த நாட்களில் கீழே பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ அசைவது தெரியும். இப்போது ஒரே நிறம். ஒரு பெரிய மிருகம் படுத்து மூச்சுவிடுவது போல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் தம்பியின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சின்னவர் பையை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார். பெரியவரின் உதடுகள் எண்ண ஆரம்பித்தன.

முதல் பை வந்தது. அவளும் பெரியவரும் சேர்ந்து தூக்கினார்கள். பிணத்தின் கனம் கனத்தது. இரண்டாவது. மூன்றாவது. அவர் மேலே வருவார், விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்குவார், அவள் நீட்டும் காலிப் பையை அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு இறங்குவார். ஏழாவது பையைத் தூக்கும்போது வாய்க்கட்டு நழுவி ஒரு துண்டு வெளியே விழுந்தது. சுண்டுவிரல் நீளம். நீரோட்டத்தில் நல்ல பக்கம் நோக்கி நகர்ந்தது.

“விடு, ஒரு துண்டுதானே. அவன் வந்ததும் பாத்துக்கலாம்,” என்றார் பெரியவர் எண்ணிக்கையை விடாமல்.

அவள் சட்டையோடு குதித்துவிட்டாள்.

நீந்தத் தெரியும் அவளுக்கு. முங்கிப் பழக்கமில்லை. துண்டு ஒரு கையெட்டும் தூரத்தில் திரும்பித் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது, அவள் கனவில் இறங்கியது போலவே. தலையை உள்ளே விட்டுக் காலை உதைத்தாள். தண்ணீர் காதை மூடியது. அப்போதுதான் அது அவளுக்குக் கேட்டது. கேட்டது என்று எப்படிச் சொல்வது? சத்தமில்லாத இடத்திலும் காதுக்குள் ஒரு இரைச்சல் இருக்குமே, அதுகூட இல்லை. பெரிய கூடத்தில் நூறு பேர் பேசிக்கொண்டிருந்து, அவள் நுழைந்ததும் நிறுத்திவிட்டது போல் இருந்தது. கீழே மங்கலாக அவர் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சற்றுத் தள்ளி, பாசிக்கு மேல், ஒரு பெரிய மீன் அசையாமல் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கை நீட்டினாள். விரல்களுக்குள் துண்டு வழுக்கியது. மறுபடி நீட்டினாள். பிடித்துவிட்டாள். இடது கைதான். மூடிய கையை மார்போடு அழுத்திக்கொண்டு மேலே உதைத்தாள். மார்பு வெடிப்பது போலிருந்தது. வெளிச்சம் வந்தது, உப்பும் இருமலும் பெரியவரின் கத்தலும் ஒன்றாக வந்தன.

“பைத்தியமாடி உனக்கு! ஒருத்தனுக்கு எண்ணுறதா, ரெண்டு பேருக்கு எண்ணுறதா நான்?”

அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பக்கத்தில் தண்ணீர் பிளந்தது. சின்னவர் தலையை உதறிக்கொண்டு வந்தார். கீழேயிருந்து பார்த்திருக்க வேண்டும், முகம் வெளிறியிருந்தது. அவள் மூடிய கையை அவர் பக்கம் நீட்டினாள். விரலைத் திறக்கப் பயமாக இருந்தது, நழுவிவிடும் என்று. அவர் தன் கையிலிருந்த பையின் வாயை விரித்து அவள் மணிக்கட்டு வரை உள்ளே மாட்டினார். அவள் பைக்குள்ளேயே கையைத் திறந்தாள். அவர் பையின் வாயை இறுக்கினார்.

கொஞ்ச நேரம் இருவரும் படகின் ஒரே விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

“அண்ணே, இவளுக்கும் ஒரு கயிறு கட்டுங்க.”